சி.டி. நார்மல்தான், பிள்ளை இன்னும் நார்மல் ஆகவில்லை

தலையில் அடிபட்ட பிள்ளைக்கு ஸ்கேன் எடுத்து ‘சி.டி. நார்மல்’ என்று டாக்டர் சொன்னதும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிற சொந்தக்காரர்களில் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள். மறுநாளே பிள்ளை ஸ்கூல் வேனில் ஏறும். நாலாம் நாள் ‘தலை வலிக்குதும்மா’ என்று அழும். ‘அதான் ஸ்கேன்ல ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்களே, நடிக்கிறான்’ என்று வீட்டில் ஒருவர் தீர்ப்பு எழுதுவார்.

சி.டி. காட்டுவது எலும்பு முறிவையும் ரத்தக் கசிவையும். கன்கஷன், அதாவது மூளை அதிர்ச்சி, அந்தப் படத்தில் விழுகிற சமாச்சாரமே இல்லை. தலை சட்டென்று குலுங்கும்போது நரம்பிழைகள் இழுபடுகின்றன. செல்லுக்கு உள்ளே இருக்க வேண்டிய உப்பு வெளியேயும், வெளியே இருக்க வேண்டியது உள்ளேயும் போய்விடுகிறது. அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மூளைக்கு வழக்கத்தைவிட அதிக சக்தி வேண்டும். அந்த நேரம் பார்த்து ரத்த ஓட்டம் குறைகிறது. வோல்டேஜ் இறங்கிக் கிடக்கும்போது பட்டறையில் அத்தனை தறியையும் ஒன்றாகப் போட்டால் என்ன ஆகும்? அதேதான். மயக்கம் போட்டு விழுந்தால்தான் கன்கஷன் என்பதும் தப்பு. பெரும்பாலான பிள்ளைகள் மயங்குவதே இல்லை.

முதல் சில மணி நேரம்

விழுந்த பிள்ளையை வாரித் தூக்குவதுதான் எல்லோருக்கும் முதலில் வரும். கழுத்து வலிக்கிறது, கை கால் மரத்துப்போகிறது என்றாலோ, மரத்திலிருந்தோ மாடியிலிருந்தோ விழுந்திருந்தாலோ தூக்கக் கூடாது. ஒருவர் தலையையும் கழுத்தையும் இரண்டு கையால் நேராகப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் 108-க்குப் போன் செய்ய வேண்டும். வாந்தி வந்தால் தலை, கழுத்து, உடம்பு மூன்றும் ஒரே நேராக வர, ஒரு கட்டையை உருட்டுவதுபோல் ஒருக்களித்துத் திருப்ப வேண்டும். ரத்தம் கசிகிற இடத்தில் காப்பித்தூள் வைக்காதீர்கள். சுத்தமான துணியால் பத்து நிமிடம், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காமல், அழுத்திப் பிடித்தால் போதும். புடைப்பைத் தேய்த்து அமுக்குவதும் வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸ்கட்டியைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஒற்றினால் வீக்கம் மட்டுப்படும். வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிற வழக்கம் இன்னும் போகவில்லை. சாவியால் ஒன்றும் ஆகாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் வைக்காமல், எத்தனை நிமிடம் நீடித்தது என்று கடிகாரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் கேட்பது அதைத்தான்.

தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய அறிகுறிகள்: திரும்பத் திரும்ப வாந்தி, நேரம் ஆக ஆகக் கூடுகிற தலைவலி, எழுப்பினால் எழாத தூக்கம், வலிப்பு, பேச்சுக் குழறல், ஒரு கை அல்லது கால் வலுவிழப்பது, கருவிழிப் பாவை ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருப்பது, காதிலோ மூக்கிலோ ரத்தம் அல்லது தண்ணீர்போல் கசிவது, காதுக்குப் பின்னாலோ கண்ணைச் சுற்றியோ கருநீலம் படர்வது, ஆளையே அடையாளம் தெரியாததுபோல் நடந்துகொள்வது. ஒரே ஒரு தடவை வாந்தி எடுத்தாலும் டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது. இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குக் கணக்கே வேறு. மூன்று அடிக்கு மேலிருந்து விழுந்தாலோ, நெற்றியில் அல்லாமல் பக்கவாட்டிலோ பின்மண்டையிலோ மெத்தென்ற வீக்கம் இருந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, அழுகை அடங்கவே இல்லை என்றாலோ வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. தூளியிலிருந்து விழுந்தது, கட்டிலிலிருந்து உருண்டது என்று சாதாரணமாகச் சொல்கிறோம். கட்டில் எத்தனை அடி உயரம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எல்லாப் பிள்ளைக்கும் சி.டி. எடுக்க மாட்டார்கள். அது அலட்சியம் இல்லை. வளர்கிற மூளைக்குக் கதிர்வீச்சு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்பதால், நிதானமாக இருக்கிற பிள்ளையை நான்கு முதல் ஆறு மணி நேரம் கண்காணிப்பில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்வார்கள். ‘காசு எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை, எடுத்திருங்க’ என்று நெருக்காதீர்கள். ‘மண்டைக்கு ஒரு எக்ஸ்ரேவாவது’ என்று கேட்பதும் வீண். எக்ஸ்ரேவில் எலும்புதான் தெரியும், மூளை தெரியாது.

இருபது கொண்டை ஊசி

ஏற்காட்டில் அடிபட்ட பிள்ளைக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. மேலே அரசு மருத்துவமனை இருக்கிறது. முதலில் அங்கேதான் காட்ட வேண்டும். ஸ்கேன், நரம்பு அறுவை டாக்டர் என்று தேவைப்பட்டால் சேலத்துக்கு இறங்க வேண்டும், அதாவது இருபது கொண்டை ஊசி வளைவு. வழியில் பிள்ளை வாந்தி எடுக்கும். அது வளைவுக்கு எடுத்த வாந்தியா, தலையில் பட்ட அடிக்கு எடுத்த வாந்தியா? அடிவாரத்தில் கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. அதனால் வண்டி கிளம்புவதற்கு முன்பே ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை மணிக்கு அடி பட்டது, எப்படி, எதன் மேல், மயக்கம் இருந்ததா, கிளம்பும்வரை எத்தனை வாந்தி, சாதாரண நாளில் மலைப்பாதையில் இவனுக்கு வாந்தி வருமா வராதா.

அதோடு மூன்று சொல் கொடுங்கள்: ‘கண்ணு, மூணு சொல் சொல்றேன்: வாழப்பழம், சாவி, பசுமாடு. ஞாபகம் வெச்சுக்கோ, அப்புறமா கேப்பேன்.’ ஐந்து நிமிடம் கழித்துக் கேளுங்கள். காலையில் என்ன சாப்பிட்டான், கணக்கு டீச்சர் யார், கிழமைகளைத் தலைகீழாகச் சொல் என்றும் கேட்கலாம். அடிவாரம் தாண்டிச் சமதளம் வந்ததும் வண்டியை ஓரங்கட்டி இரண்டு நிமிடம் நின்று அதே கேள்விகளைத் திரும்பக் கேளுங்கள். வளைவினால் வந்த குமட்டல் என்றால், நேரான சாலைக்கு வந்த பிறகு முகம் மெல்லத் தெளியும், பதில் சரியாக வரும். தலைவலி ஏறிக்கொண்டே போகிறது, மேலே சொன்ன பதில் கீழே வரவில்லை, பேச்சு இழுக்கிறது என்றால் கோரிமேட்டில் டீக்கடை கண்ணில் பட்டாலும் நிற்காமல் போய்ச் சேருங்கள். எப்படி இருந்தாலும் தீர்ப்புச் சொல்ல வேண்டியது டாக்டர். உங்கள் வேலை இரண்டு நேரத்துப் பதிலையும் கொண்டுபோய்க் கொடுப்பது.

இறங்குவதற்கு முன் பயண வாந்திக்கான அவோமின் மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். அது தூக்கத்தைக் கொண்டுவரும் மருந்து. அதன் பிறகு பிள்ளை சொக்குவது மாத்திரையாலா மூளையாலா என்று பார்க்கிறவர்களுக்கும் விளங்காது. பின்சீட்டில் நடுவில், சற்றே சாய்ந்தபடி, தலை ஆடாமல் மடியிலோ மடித்த போர்வையிலோ தாங்கிக்கொள்ளுங்கள். சாப்பாடு கொடுக்க வேண்டாம்; தண்ணீர் கேட்டால் ஒரு மிடறு. பைக்கில் நடுவில் உட்கார வைத்து இறங்குவது கூடவே கூடாது.

அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளில் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். அதைக் கண்டு பயந்து, சண்டையில் அடி பட்டதைக் ‘கீழ விழுந்துட்டான்’ என்று மாற்றிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எப்படி அடி பட்டது என்பதை வைத்துத்தான் எங்கே ஆபத்து இருக்கலாம் என்று டாக்டர் கணிக்கிறார். உள்ளதைச் சொல்லுங்கள்.

தூங்க விடலாமா?

விடலாம். ‘தலையில அடிபட்டவன தூங்க விட்டா கோமாவுக்குப் போயிருவான்’ என்று அம்மாயி பயப்படுவதில் ஒரு பழைய நியாயம் இருக்கிறது: ஸ்கேன் இல்லாத காலத்தில் பிள்ளை விழித்திருக்கிறதா என்பது ஒன்றுதான் சோதனை. இப்போது டாக்டர் பார்த்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு, தூக்கம்தான் மூளைக்கு முதல் மருந்து. மணிக்கு ஒருமுறை உலுக்கி எழுப்ப வேண்டாம்; டாக்டர் குறிப்பிட்டுச் சொல்லியிருந்தால் மட்டும் அவர் சொன்ன இடைவெளியில் எழுப்புங்கள். முதல் இரவு ஒரு பெரியவர் பக்கத்தில் படுத்து, மூச்சு சீராக இருக்கிறதா, வழக்கம்போல் புரண்டு படுக்கிறானா என்று பார்த்தால் போதும். சந்தேகம் வந்தால் தோளைத் தொட்டு அசையுங்கள். முனகிக்கொண்டு கையைத் தட்டிவிட்டான் என்றால் நிம்மதி. எழுப்பியும் எழவில்லை என்றால் 108.

வலிக்குப் பாராசிட்டமால். அளவு வயதை வைத்து அல்ல, எடையை வைத்து: ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி., ஆறு மணி நேர இடைவெளியில், நாளுக்கு நான்கு முறைக்கு மேல் போகாமல். சிரப் இரண்டு வீரியத்தில் வருவதுதான் பெரிய பொறி. 20 கிலோ பிள்ளைக்கு 5 மில்லியில் 250 மி.கி. உள்ள பாட்டிலில் 5 மில்லி சரியான அளவு. 5 மில்லியில் 120 அல்லது 125 மி.கி. உள்ள பாட்டில் என்றால் அதே 5 மில்லி பாதி அளவுதான். வலி அடங்கவில்லையே என்று அடுத்த டோஸை முன்னதாகக் கொடுப்பது இப்படித்தான் ஆரம்பிக்கிறது. மெஃபனாமிக் அமிலம் கலந்த காய்ச்சல் சிரப், ஐபுபுரூஃபன் ஆகியவற்றை ரத்தக் கசிவு இல்லை என்று உறுதியாகும்வரை முதல் ஓரிரு நாளுக்குத் தொடாதீர்கள். ஆஸ்பிரின் எப்போதுமே வேண்டாம். சில நாளுக்குப் பிறகும் தினமும் மாத்திரை கேட்டால் டாக்டரிடம் போங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தொடர்ந்து விழுங்கினால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். மூளைக்குத் தெம்பு என்று விற்கிற டானிக்கில் கன்கஷனைச் சீக்கிரம் ஆற்றும் என்று நிரூபணமான எதுவும் இல்லை. அந்தக் காசுக்கு இளநீர் வாங்குங்கள். சேலத்து வெயிலில் தண்ணீர் குறைந்தாலே தலைவலி கூடும்.

இரண்டு நாள் ஓய்வு, அதற்கு மேல் அடைத்து வைக்காதீர்கள்

ஒரு காலத்தில் இருட்டறையில் வாரக்கணக்கில் படுக்கப் போட்டார்கள். 2015-ல் வெளியான ஒரு ஆய்வில், ஐந்து நாள் கண்டிப்பான ஓய்வில் இருந்த 11 முதல் 22 வயதுக்காரர்களுக்கு, ஓரிரு நாள் மட்டும் ஓய்வெடுத்தவர்களைவிடத் தொல்லைகள் அதிகமாகவே இருந்தன. இப்போதைய வழிமுறை: முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு. அதுவும் படுக்கையோடு படுக்கையாக இல்லை. குளிக்கலாம், சாப்பிடலாம், வீட்டுக்குள் நடக்கலாம். பிறகு வாசல் வரை, தெருமுனை வரை என்று நடையைக் கூட்ட வேண்டும். பேசிக்கொண்டே மூச்சு வாங்காமல் நடக்க முடிந்தால் சரியான வேகம்.

அந்த இரண்டு நாளும் செல்போன் மட்டும் கறாராக வேண்டாம். 2021-ல் வந்த அமெரிக்க ஆய்வில், 12 முதல் 25 வயதுள்ளவர்களில் முதல் 48 மணி நேரம் திரையைத் தவிர்த்தவர்கள் சுமார் மூன்றரை நாளில் தேறினார்கள், தவிர்க்காதவர்களுக்கு எட்டு நாள் பிடித்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விடலாம். ‘பாவம், படுத்தே கிடக்கிறானே’ என்று கையில் போனைக் கொடுப்பது பெரும்பாலும் ஆறுதல் சொல்ல வந்த சித்தப்பாதான்.

சத்தம் இன்னொரு விஷயம். அம்மாப்பேட்டை, குகை, கொண்டலாம்பட்டிப் பக்கம் சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறி ஓடுகிற வீடுகள் எத்தனையோ. பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தில் தூங்கிய பிள்ளைதான். ஆனால் கன்கஷன் ஆன காதுக்கு அது சம்மட்டி. தறியை நிறுத்தினால் அன்றைய கூலி போகும் என்பது தெரிந்ததுதான். முதல் மூன்று நான்கு நாளுக்கு மாமா வீட்டுக்கோ, தறி இல்லாத தெருவில் இருக்கிற உறவினர் வீட்டுக்கோ அம்மாவோடு அனுப்பிவிடுவது நடக்கிற காரியம். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை நேரமாக இருந்தால் ஸ்பீக்கர் கட்டாத தெருவாகப் பாருங்கள். பஞ்சை அடைத்துக்கொண்டு நாள் முழுக்க இருப்பதும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் இருப்பதும் வேண்டாம். பழகப் பழகத்தான் கூச்சம் குறையும்; மூடி மூடி வைத்தால் கூடும்.

நாற்பது பக்க நோட்டு

வாங்க வேண்டிய ஒரே உபகரணம் இதுதான். தலைவலிக்குப் பத்துக்கு மார்க் போடச் சொல்லுங்கள்: 0 என்றால் வலியே இல்லை, 10 என்றால் தாங்கவே முடியாது. பிள்ளைகளுக்கு மார்க் போடுவது நன்றாகவே வரும். ஐந்தாம் நாள் பக்கம் இப்படி இருக்கலாம்:

8.10 – 2. எழுந்தாச்சு.
8.40 – தமிழ்ப் பாடம் வாசிப்பு, 20 நிமிடம்.
9.00 – 3.
9.30 – கணக்கு, சுவர் போர்டைப் பார்த்து நோட்டில் எழுதினது, 15 நிமிடம். 6. கண் எரியுது. நிறுத்தியாச்சு.
10.45 – 4.
12.15 – 2.

ஒரு வேலையால் வலி இரண்டு மார்க் வரை ஏறி, ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிட்டால் பிரச்சினை இல்லை, அந்த வேலையைத் தொடரலாம். அதற்கு மேல் ஏறினாலோ இறங்க நேரம் பிடித்தாலோ நிறுத்திவிட்டு, அடுத்த தடவை பாதியாக்குங்கள். இந்தப் பக்கத்தைப் பாருங்கள்: வாசிப்பு ஒரு மார்க்தான் ஏற்றியது, கணக்கு மூன்று ஏற்றியது, பழையபடி 2-க்கு இறங்க இரண்டரை மணி நேரம் எடுத்தது. பிள்ளைக்குக் கணக்குப் பிடிக்காதது காரணமில்லை. தூரத்தில் இருக்கிற போர்டு, கிட்டே இருக்கிற நோட்டு என்று கண் மாறி மாறிக் குவிவதுதான் கன்கஷனுக்குப் பிறகு சிரமமான வேலை. அதே கணக்கைப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துப் போடச் சொல்லுங்கள். மார்க் குறைந்தால் காரணம் பிடிபட்டது. வரி தாண்டி வாசிக்கிறானா, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறானா என்றும் கவனியுங்கள்.

மணிக்கு நாலு தடவை ‘வலிக்குதா, வலிக்குதா’ என்று கேட்காதீர்கள். கேட்கக் கேட்க வலிக்கும். வேலைக்கு முன், வேலைக்குப் பின், அவ்வளவுதான்.

மனசும் இந்த நோட்டில் ஒரு வரியாவது பெற வேண்டும். ஒன்றுமில்லாததற்கு அழுவது, தங்கச்சியை அடிப்பது, சொன்னதை மறப்பது எல்லாம் காயத்தின் பகுதி. வாரக்கணக்கில் மாறாவிட்டால் டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம்.

பள்ளிக்கூடம்

தலைவலி முழுக்கப் போன பிறகுதான் ஸ்கூல் என்று காத்திருக்க வேண்டாம். வீட்டில் அரை மணி, முக்கால் மணி படிப்பு தாங்கினாலே அரை நாள் அனுப்பலாம். பெரும்பாலும் சில நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் இது நடந்துவிடும். காலை வெயிலில் பிரேயருக்கு நிற்காமல் இரண்டாம் பீரியடுக்குப் போகட்டும். முன் பெஞ்சு, ஜன்னல் கூச்சம் இல்லாத பக்கம். போர்டில் எழுதுவதைப் பக்கத்துப் பிள்ளையின் நோட்டிலிருந்து பிறகு எழுதிக்கொள்ளட்டும். புத்தகப் பை வேண்டாம், அன்றைய நோட்டு போதும். டெஸ்டும் டியூஷனும் கடைசியில். முழு நாள் தாங்கிய பிறகுதான் டெஸ்ட். காலாண்டுத் தேர்வு நெருங்குகிறது என்றால் டாக்டர் கடிதத்தோடு தலைமையாசிரியரைப் பார்த்து, எழுத அதிக நேரமோ பிறகு எழுதும் வாய்ப்போ கேளுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னது வகுப்பாசிரியரைத் தாண்டிப் பி.டி. மாஸ்டருக்குப் போய்ச் சேராது.

ஏற்காட்டு ஹாஸ்டல்களில் படிக்கிற பிள்ளை என்றால் முதல் வாரம் வீட்டில் இருப்பதே மேல். திரும்ப அனுப்பும்போது வார்டனிடம் எழுதிக் கொடுங்கள்: மேல் படுக்கை வேண்டாம், தூங்குகிற நேரம் மாறக் கூடாது, மாத்திரை யார் கையில் இருக்கும். தலைசுற்றல் தீராமல் வாராவாரம் மலை ஏறி இறங்க வைக்காதீர்கள்.

விளையாட்டு

இங்கேதான் அவசரம் ஆபத்தாகிறது. முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி பட்டால் தேறும் காலம் நீளும்; அபூர்வமாக மூளை வீங்கி உயிரையே எடுத்துவிடும். 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர்கள் 2023-ல் வெளியிட்ட ஆறு படிகள் இன்று எங்கும் நடைமுறை: (1) அன்றாட வேலை, (2) நடை, லேசான ஓட்டம், (3) தனியாகச் செய்யும் பயிற்சி, உதாரணத்துக்குச் சுவரில் பந்து அடிப்பது, (4) மோதல் இல்லாத கூட்டுப் பயிற்சி, (5) முழுப் பயிற்சி, (6) கடைசியாக மேட்ச். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். நாலாவது படிக்குப் போகும்முன் ஓடினாலும் ஒரு தொல்லையும் இருக்கக் கூடாது, டாக்டரும் சரி என்று சொல்லியிருக்க வேண்டும். கபடி, சிலம்பம், ஃபுட்பாலில் தலையால் முட்டுவது எல்லாம் ஐந்தாம் படியிலிருந்துதான்.

பட்டியலில் வராதவையும் உண்டு: சைக்கிள், கொய்யா மரம், மொட்டைமாடிப் பட்டம், கிணற்றில் குதிப்பது. விளையாட்டே இல்லை என்று நினைத்து இவற்றை விட்டுவிடுகிறோம்.

பெரும்பாலான பிள்ளைகள் நாலு வாரத்துக்குள் தேறிவிடுகிறார்கள். முன்பே ஒற்றைத் தலைவலி இருந்தவர்கள், மனப்பதற்றம் உள்ளவர்கள், இதற்கு முன் கன்கஷன் ஆனவர்கள் மெதுவாகத் தேறுவார்கள். நாலு வாரம் தாண்டியும் மார்க் இறங்கவில்லை என்றால் மறுபடி சி.டி. எடுக்கச் சொல்லி நிற்காதீர்கள். கழுத்துத் தசை, காதின் சமநிலை, கண் குவிவது ஆகிய மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றுக்கும் பயிற்சி உண்டு. போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியோடு அந்த நாற்பது பக்க நோட்டையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.